ஏலம் கேட்டவர் எங்கே?

ஹரியாணா மாநிலத்தில் ஒரு வாகனப் பதிவெண் 2025 நவம்பர் 26 அன்று இணைய ஏலத்தில் 1.17 கோடி ரூபாய்க்குப் போனது. எண், 'எச்ஆர் 88 பி 8888'. ஆங்கில எழுத்தான 'பி'யும் எட்டைப்போலவே தோன்றுவதால், தொலைவிலிருந்து பார்த்தால் எட்டுகளின் வரிசையாகவே தெரியும். அதுதான் அதன் கவர்ச்சி. தொடக்க விலை 50,000 ரூபாய். 45 பேர் போட்டியிட்டார்கள். நாட்டிலேயே மிக அதிக விலைக்குப் போன பதிவெண் என்று நாளேடுகளும் தொலைக்காட்சிகளும் கொண்டாடின. பணம் கட்ட டிசம்பர் 1 நண்பகல் வரை கெடு. நண்பகல் வந்தது, பணம் வரவில்லை. ஏலம் கேட்டவர் முன்கூட்டிச் செலுத்தியிருந்த 11,000 ரூபாயை அரசு எடுத்துக்கொண்டது. அவருக்கு அவ்வளவு தொகைக்கு ஏலம் கேட்கும் வசதி உண்மையிலேயே இருக்கிறதா என்று சொத்து, வருமானக் கணக்குகளை விசாரிக்கும்படி போக்குவரத்துத் துறை அமைச்சர் அனில் விஜ் உத்தரவிட்டார்.

அமைச்சரின் கோபம் புரிகிறது. ஆனால், விசாரிக்கப்பட வேண்டியது அந்த மனிதரின் சொத்துக் கணக்கைவிட, 11,000 என்ற எண் என்றே எனக்குத் தோன்றுகிறது. கேட்ட விலையில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தத் தொகையைக் கட்டிவிட்டு ஒரு கோடி என்று கேட்க முடியுமானால், கோடீஸ்வரர் மட்டுமல்ல, நானும் கேட்கலாம். இது புதிய செய்தியும் அல்ல. 2023 பிப்ரவரியில் இமாசலப் பிரதேசத்தின் கோட்காய் பகுதியில் ஒரு ஸ்கூட்டருக்கான 'எச்பி 99 9999' என்ற எண்ணுக்கு 1.12 கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் கேட்கப்பட்டது. தொடக்க விலை 1,000 ரூபாய். அங்கும் பரபரப்பு வந்தது, பணம் வரவில்லை. பக்கத்து மாநிலத்தில் நடந்த இதிலிருந்து ஹரியாணா எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த அக்கறை ஒன்று உண்டு. என் தந்தையார் திருவிதாங்கூர் சமஸ்தான அஞ்சல்தலைகளைச் சேர்த்துவைத்திருந்தார். சமஸ்தானத்துக்கென்று தனி 'அஞ்சல்' துறை இருந்து, 1951இல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது என்பதை நாகர்கோவிலில் இன்றைய இளைஞர்கள் பலரும் அறியமாட்டார்கள். 1937இல் ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்காக வெளியிட்ட தலைகளும், குமரிமுனையும் பேச்சிப்பாறை நீர்த்தேக்கமும் இடம்பெற்ற 1939ஆம் ஆண்டுத் தலைகளும் அவற்றில் இருந்தன. எனக்கும் அக்காளுக்கும் பொதுவான சொத்து. பிள்ளைகள் யாருக்கும் ஆர்வமில்லை. விற்றுப் பாதிப்பாதி எடுத்துக்கொள்வது என்று முடிவுசெய்தோம். சேகரிப்பாளர்கள் கூடும் ஓர் இணைய ஏலத்தளத்தில், 2,000 ரூபாய் தொடக்க விலையில், வடசேரி வீட்டிலிருந்தபடியே ஒரு தொகுப்பை ஏலத்துக்கு வைத்தேன்.

ஏழு நாள் ஏலம். 8,700 ரூபாய்வரை மூன்று பேர் களத்தில் இருந்தார்கள். அதன் பிறகு ஒருவர் விலக, மற்ற இருவரும் கடைசி இரவில் மாறிமாறி ஏற்றி, 23,400இல் முடித்தார்கள். இரண்டாமவர் நின்ற இடம் 23,100. மகிழ்ச்சி தாளாமல் அந்த இரவே ஒழுகினசேரியிலிருக்கும் அக்காளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். வென்றவரிடமிருந்து மறுநாள் பதில் இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. கெடு முடிந்த பிறகு அவருடைய கணக்கே தளத்தில் காணப்படவில்லை. தளத்தார் தங்கள் தரகைத் திருப்பித் தந்தார்கள். பட்டியலிட வாங்கிய கட்டணத்தைத் தரவில்லை. 'அடுத்த நபருக்கு வாய்ப்பளிக்கலாம்' என்று ஒரு பொத்தானைக் காட்டினார்கள். அழுத்தினேன்.

இரண்டாமவரின் பதில் சுருக்கமாக இருந்தது: "முதல் ஆள் உங்கள் ஆள்தானே, சார்?"

முப்பத்து நான்கு ஆண்டுகள் பொருளாதாரம் நடத்தியவன் நான். விலையை ஏற்றிவிடுவதற்காக விற்பவரே ஆள் வைத்து ஏலம் கேட்பது எவ்வளவு பழைய மோசடி என்று வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன். அந்தக் குற்றச்சாட்டு என்மேலேயே வந்தபோது, அதை மறுக்க என்னிடம் ஒரு சான்றும் இல்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சந்தேகத்தில் நியாயமும் இருந்தது. ஏலத்தில் வென்று பணம் கட்டாமல் மறைந்தவரும், விற்பவரின் ஆளாக நுழைந்து தவறுதலாக வென்றுவிட்டவரும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரேபோலத்தான் தெரிவார்கள். பணம் வராததால் விற்பவருக்குப் பண நட்டம் என்று மட்டுமே நாம் நினைக்கிறோம். அதற்கு முன்பாகப் போவது அவருடைய பெயர்.

அக்காளிடம் நடந்ததைச் சொன்னேன். "ரூபா கைக்கு வராம ஏலம் முடிஞ்சுன்னு உனக்கு யாருடே சொன்னா?" என்றாள். பட்டம் எதுவும் பெறாதவள். ஆனால், ஏலக் கோட்பாட்டில் கடந்த முப்பது ஆண்டுகளாக அறிஞர்கள் எழுதியதன் சாரம் அதுதான்.

முன்பணம் இல்லாத ஏலத்தில் ஒருவர் கேட்கும் விலை, வாக்குறுதி அல்ல. அது அவர் இலவசமாகப் பெற்றுக்கொண்ட உரிமை. நாளை மனம் இருந்தால் வாங்கலாம். மனம் மாறினால் விட்டுவிடலாம். பொருளின் மதிப்பு 10 லட்சம் என்று கருதும், உண்மையாகவே பணம் கட்டக்கூடிய ஒருவர் 10 லட்சத்தில் நின்றுவிடுவார். கட்ட உத்தேசமில்லாதவருக்கு நிற்க வேண்டிய இடம் என்று ஒன்று கிடையாது. ஆகவே, பொருளை அதிகம் விரும்புபவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஏலம், இழப்பதற்கு எதுவுமில்லாதவரைத் தேடிக் கண்டுபிடித்துக் கையில் பொருளைக் கொடுக்கிறது. சார்லஸ் ஜெங் என்ற பொருளாதார அறிஞர் 2001இல் எழுதிய கட்டுரை இதைக் கணிதமாகவே நிறுவியது: பணம் கட்டத் தவறினால் வரும் இழப்பு சிறியது என்றால், கையில் மிகக் குறைவாகப் பணம் வைத்திருப்பவரே மிக அதிக விலை கேட்டு வெல்லும் நிலை உருவாகலாம். ஹரியாணாவில் நடந்தது தற்செயல் அல்ல. விதிகள் அப்படி எழுதப்பட்டிருந்தால் எங்கும் அதுவே நடக்கும்.

அரசாங்கங்களே இதற்குப் பெரும் விலை கொடுத்திருக்கின்றன. ஆஸ்திரேலியா 1993இல் செயற்கைக்கோள் தொலைக்காட்சி உரிமங்கள் இரண்டை மூடிய உறை ஏலத்தில் விற்றது. முன்பணம் கேட்கவில்லை. யாரும் அவ்வளவாக அறியாத இரு நிறுவனங்கள் 21.2 கோடி, 17.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று கேட்டு வென்றன. பிறகு பணம் கட்டத் தவறின. விதிப்படி அடுத்த உயர்ந்த விலைக்கு உரிமம் போக வேண்டும். உறைகளைப் பிரித்தால், அடுத்த விலையும் அதே நிறுவனங்களுடையது, அதற்கடுத்ததும் அவர்களுடையது. ஏறத்தாழ 50 லட்சம் டாலர் இடைவெளியில் ஏணிப்படிபோல வரிசையாகப் பல விலைகளைக் கொடுத்துவைத்திருந்தார்கள்! ஒவ்வொரு படியிலும் தவறிக் கீழிறங்கி, ஒருவழியாக 11.7 கோடி, 7.7 கோடி என்ற விலைகளில் உரிமங்கள் போயின. அதற்குள் ஓராண்டு ஓடிவிட்டது. அமெரிக்கா 1996இல் அலைக்கற்றை ஏலத்தில் பத்து விழுக்காடு முன்பணம் வாங்கியும் தப்பவில்லை. 470 கோடி டாலருக்கு மேல் கேட்டு வென்ற நெக்ஸ்ட்வேவ் நிறுவனம் 1998இல் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. உரிமங்களை அரசு ரத்துசெய்தது செல்லாது என்று 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பணம் வேண்டும், மீதிக்குத் தவணை கொடுத்தால், அந்த முன்பணமும் போதாது.

இந்தியாவில் பொருள் பெரியதாகவும் விற்பவர் வங்கியாகவும் இருந்தால் சட்டம் கடுமையாகவே நிற்கிறது. கடன் திருப்பாதவர்களின் அடமானச் சொத்தை ஏலத்தில் எடுப்பவர் விலையில் 25 விழுக்காட்டை உடனே செலுத்த வேண்டும். மீதியைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் அந்த 25 விழுக்காடும் போய்விடும். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு வழக்கில், 12.27 கோடி ரூபாய்க்குச் சொத்தை ஏலம் எடுத்து, சுமார் 3.06 கோடி கட்டிவிட்டு, மீதியைக் கட்ட முடியாமல் போனவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். அதே சொத்தை வங்கி பின்னர் கூடுதல் விலைக்கே விற்றுவிட்டது. நட்டமே இல்லாதபோது எதற்குப் பறிமுதல் என்பது கேள்வி. 2024 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் வங்கியின் பக்கம் நின்றது. வங்கிக்கு எவ்வளவு நட்டம் என்ற கணக்கே இங்கு எழாது. பறிமுதல் என்பது சட்டம் வகுத்த விளைவு என்றது. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இரக்கம் வருகிறது. மூன்று கோடி என்பது ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பாக இருக்கலாம். ஆயினும், தீர்ப்பின் தர்க்கம் சரியானது என்றே நினைக்கிறேன். 25 விழுக்காட்டை இழக்க நேரும் என்று தெரிந்தவர் விளையாட்டாக ஏலம் கேட்கமாட்டார்.

சிறு விற்பனையாளருக்கு இந்தக் கவசம் எதுவும் இல்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பணம் பெறாத விற்பனையாளருக்குச் சில உரிமைகளை அளிக்கிறது: பொருளைத் தன்னிடமே நிறுத்திவைக்கலாம், அறிவிப்புக் கொடுத்து மறுவிற்பனை செய்யலாம், விலை குறைந்தால் வித்தியாசத்தை முதல் ஏலதாரரிடம் கோரலாம். அறிவிப்புக் கொடுக்காமல் விற்றுவிட்டால் நட்டத்தைக் கோர முடியாது என்பது மட்டுமல்ல, லாபம் வந்தால் அதையும் தவறியவருக்கே கொடுக்க வேண்டும். பலர் அறியாத விதி இது. இவ்வளவும் இருந்து என்ன பயன்? பெயரும் முகவரியும் தெரியாத ஒருவர்மேல், சில ஆயிரம் ரூபாய்க்காக எந்த ஊர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவருக்கானது. பழைய தலைகளை விற்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அங்கே மனு கொடுக்க முடியாது.

ஏலத்தளங்களுக்கும் இதில் ஒரு வரலாறு இருக்கிறது. 1995இல் தொடங்கிய ஈபே, வாங்குபவரும் விற்பவரும் ஒருவரைப் பற்றி மற்றவர் எழுதும் மதிப்புரைகளையே நம்பிக்கையின் அடித்தளமாக வைத்தது. 2008இல், வாங்குபவரைப் பற்றி விற்பவர் எதிர்மறையாக எழுதும் உரிமையை நீக்கியது. நேர்மையாகக் குறை சொன்ன வாங்குபவர்களை விற்பவர்கள் பழிவாங்கியதால் எடுத்த முடிவு அது, காரணம் நியாயமானது. ஆனால், பணம் கட்டாதவரைப் பற்றி அடுத்த விற்பனையாளரை எச்சரிக்கும் வழியும் அதோடு அடைபட்டது. இந்தியாவில் 2004இல் பாஸி தளத்தை வாங்கி நுழைந்த ஈபே, 2018இல் இங்கு கடையை மூடியது. இப்போது பெரிய இணையக் கடைகளில் ஏலம் இல்லை, நிர்ணயித்த விலைதான். சிறு ஏலங்கள் சேகரிப்பாளர் தளங்களுக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போய்விட்டன. அங்கே ஒரு கணக்கு முடக்கப்பட்டால், இன்னொரு மின்னஞ்சலில் புதிய கணக்கு ஐந்து நிமிட வேலை.

நம் ஊர் ஏலங்கள் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்ப்பது பயனுள்ளது. குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் படகு கரை சேர்ந்ததும் மீனைக் குவித்து ஏலம் விடுகிறார்கள். வாங்கும் வியாபாரி அந்த இடத்திலேயே முழுப் பணமும் கொடுப்பது எப்போதும் நடப்பதல்ல. மீன் காத்திருக்காது; ஆகவே, கடனுக்குத்தான் போகும். பல கரைகளில் ஏலம் விடுபவரே படகுக்காரருக்குப் பொறுப்பேற்று, வியாபாரியிடம் பிறகு வசூலித்துக்கொள்கிறார். அதற்குத்தான் அவருக்குத் தரகு. இந்த ஏற்பாட்டில் சுரண்டல் இருந்தது. படகுக்காரர்கள் தரகரிடம் கடன்பட்டுக் கிடந்தார்கள். அதனால்தான் மீனவர் சங்கங்கள் தாங்களே ஏலம் விடும் முறையை உருவாக்கின. சிஃப்ஸ் என்று கரையில் அறியப்படும் கூட்டமைப்பு 1980இல் அப்படி எழுந்தது. தனியார் தரகரானாலும் சங்கமானாலும் அடிப்படை ஒன்று மாறவில்லை: தரகு வாங்குபவர், பணம் வராத ஆபத்தையும் சேர்த்துச் சுமக்கிறார். இணையத் தளங்கள் தரகை மட்டும் எடுத்துக்கொண்டு ஆபத்தை விற்பவர் தலையில் விட்டுவிட்டன.

ஏலச்சீட்டிலும் இதே அறிவு இருக்கிறது. சீட்டை ஏலத்தில் எடுத்தவர் எஞ்சிய தவணைகளைக் கட்டாமல் போகலாம் என்பதால், பணத்தைக் கையில் வாங்குமுன் பிணை கொடுக்க வேண்டும் என்று 1982ஆம் ஆண்டுச் சிட்பண்ட் சட்டம் சொல்கிறது. கோயில் தேங்காய் ஏலமானாலும் பேரூராட்சிச் சந்தைக் குத்தகையானாலும் டேவணித் தொகை கட்டாமல் உள்ளே நின்று கேட்க முடியாது. முகம் தெரிந்த ஊரிலேயே இவ்வளவு முன்னெச்சரிக்கை. முகமே இல்லாத இணையத்தில் எதுவும் இல்லை. (தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைக்குலை ஆயிரக்கணக்கில் போவதுண்டு. அங்கே கேட்கப்படுவது விலை அல்ல, காணிக்கை; அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.)

இதற்கான தொழில்நுட்பம் நம்மிடமே இருக்கிறது. புதிய பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிப்பவரின் பணம் இப்போது நிறுவனத்துக்குப் போவதில்லை. அவர் வங்கிக் கணக்கிலேயே முடக்கப்படுகிறது. பங்கு கிடைத்தால் எடுத்துக்கொள்ளப்படும், கிடைக்காவிட்டால் விடுவிக்கப்படும். 2008இல் செபி கொண்டுவந்த இந்த முறை, யுபிஐ வழியாகச் சிறு முதலீட்டாளர்களுக்கும் வந்துவிட்டது. ஏலம் கேட்கும் ஒவ்வொருவரின் கணக்கிலும், அவர் கேட்கும் விலையில் பத்திலோ ஐந்திலோ ஒரு பங்கை இப்படியே முடக்கிவைக்கலாம். விலை ஏறும்போது முடக்கமும் ஏற வேண்டும். ஹரியாணாவின் பிழை முன்பணம் வாங்காதது அல்ல. ஏலம் கோடியைத் தொட்டபோதும் முன்பணம் 11,000இலேயே நின்றது. அரசு நடத்தும் பதிவெண் ஏலங்களில் இதை நாளையே தொடங்கத் தடை ஒன்றும் தெரியவில்லை.

தனியார் தளங்கள் தயங்கும். அதற்குக் காரணம் உண்டு. முன்பணம் கேட்டால் கூட்டம் குறையும். சும்மா வந்து பார்ப்பவர்தான் பிறகு வாங்குபவராக மாறுகிறார் என்பது கடைத்தெரு அனுபவம். 500 ரூபாய் நாணயத்துக்கு வங்கிக் கணக்கை முடக்கு என்றால் பலர் வெளியேறிவிடுவார்கள். குறிப்பிட்ட தொகைக்குமேல் மட்டும் முன்பணம் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது.

ஆனால், செலவே இல்லாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அதை ஏன் எவரும் செய்யவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. முதல் ஏலதாரர் தவறினால், இரண்டாமவருக்கு அவர் கடைசியாகக் கேட்ட விலையில் பொருளை நீட்டக் கூடாது. மறைந்தவர் ஏலத்திலேயே இல்லாதிருந்தால் விலை எங்கே நின்றிருக்கும் என்று தளம் கணக்கிட வேண்டும். ஏற்றங்கள் எல்லாம் அதன் பதிவேட்டில் இருக்கின்றன. என் ஏலத்தில் மூன்றாமவர் 8,700இல் நின்றார். ஆகவே, இரண்டாமவருக்குச் சேர வேண்டிய விலை 9,000 ரூபாய், 23,100 அல்ல. அந்த விலையில் நீட்டியிருந்தால் அவருக்கு என்மேல் சந்தேகம் எழக் காரணமே இருந்திருக்காது. பினாமி வைத்து விலையேற்ற நினைக்கும் விற்பனையாளருக்கும் அதில் ஆதாயம் போய்விடும்.

நான் அவருக்கு 9,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்று நானே எழுதிப் பார்த்தேன். பதில் வரவில்லை. ஒருமுறை விழுந்த சந்தேகம், விலையைக் குறைத்தால் இன்னும் வலுக்கும்போலும். தொகுப்பை மறுபடியும் ஏலத்தில் வைத்தேன். இம்முறை பழைய மூன்றாமவர் வரவில்லை. அதற்குள் வேறெங்கோ வாங்கியிருக்கலாம். 7,100 ரூபாயில் முடிந்தது. எடுத்தவர் அன்று மாலையே யுபிஐயில் பணம் அனுப்பினார். தலைகளை அட்டைகளுக்கிடையே வைத்து உறையிட்டு, மறுநாள் தபால் நிலையத்தில் சேர்த்துவிட்டு, அக்காளின் பங்கான 3,550 ரூபாயைக் கொடுக்க ஒழுகினசேரிக்குப் போனேன். அவள் ரூபாய் நோட்டுகளை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, அந்த 23,400 பற்றி எதுவும் கேட்காமல் காப்பி போடப் போனாள்.